நாகலாபுரத்து மடுவும் நம்ம ஊர் டென்ட்டும்

வடசென்னையில் உயரமான இடம் எது என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் கொடுங்கையூர் குப்பைமேட்டைக் காட்டுவார்கள். கிண்டல்தான், ஆனால் பெரிய பொய்யும் இல்லை. தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர், மணலி எல்லாம் கடலோடு கடலாகப் படுத்துக் கிடக்கிற ஊர்கள். கும்மிடிப்பூண்டி தாண்டினால்தான் மேற்கே வானத்தின் அடியில் நீலமாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குள் போய் ஒரு ராத்திரி படுத்துவிட்டு வர வேண்டும் என்கிற ஆசை இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு இருபது வருடமாகப் பிடித்திருக்கிறது. மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் போதும், சனிக்கிழமை விடியற்காலையில் செங்குன்றம் டீக்கடைகளில் முதுகில் பையும் பின்சீட்டில் சுருட்டிய டென்ட்டுமாகப் பத்து பைக்காவது நிற்கும்.

எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் மூன்று இடங்கள். ஒன்று, ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம். இரண்டு, கல்கத்தா ரோட்டில் போய் மேற்கே திரும்பினால் வரும் 'தடா ஃபால்ஸ்'. மூன்றாவது கொஞ்சம் தூரம், கடப்பா மாவட்டத்துக் கண்டிக்கோட்டை. மூன்றுமே ஆந்திராவில் இருக்கின்றன. மூன்றிலும் தண்ணீர் பாறையை அறுத்து உண்டாக்கிய மலையிடுக்குதான் காட்சிப்பொருள். ஆனால் அங்கே நடக்கிற விதமும் படுக்கிற விதமும் ஒன்றில்லை. அதைப் புரிந்துகொள்ளாமல் போவதால்தான் பாதி வில்லங்கம்.

முதலில் பெயரைப் பார்ப்போம், பெயரிலேயே பாதி விஷயம் இருக்கிறது. தடா என்பது நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். அருவி அங்கே இல்லை, வரதய்யபாளையம் பக்கத்தில் காட்டுக்குள் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதைச் சொல்வது உப்பலமடுகு. மடுகு வேறொன்றுமில்லை, நம்முடைய மடு. ஆற்றில் கால் எட்டாத ஆழமான இடம். நாகலாபுரம், புத்தூர், நகரி சுற்றுவட்டாரத்தில் இன்னொரு சொல்லும் அடிக்கடி காதில் விழும்: கோனா. கைலாசகோனா, சதாசிவகோனா. திருப்பதிக்கு மேற்கே போனால் தலகோனா. மலைக்குள் ஒடுங்கி, ஓடையும் அருவியுமாக இருக்கிற பள்ளத்தைத் தெலுங்கில் அப்படிச் சொல்கிறார்கள். கண்டிக்கோட்டையில் வரும் 'கண்டி'யும் அதே குடும்பம்தான், ஆறு மலையைப் பிளந்து போன இடம். ஆக, ஊர்க்காரர்கள் இந்த இடங்களுக்கு மலையின் பெயரை வைக்கவில்லை, தண்ணீர் செய்த வேலையின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்த வேலை எப்படி நடந்தது என்றால், இந்த மலைகளின் பாறை குவார்ட்சைட். கடற்கரை மணல் போன்ற மணல் கோடிக்கணக்கான வருடம் அழுந்தி, வெந்து, இறுகிப் போனது. நகரிப் பக்கத்தில் இது ஏராளமாக இருப்பதால் புவியியல்காரர்கள் இதற்கு 'நகரி குவார்ட்சைட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரும்பு மாதிரி கெட்டி, எளிதில் தேயாது. ஆனால் நெட்டுக்குத்தாக வெடிப்புகள் ஓடும். மழைத்தண்ணீர் அந்த வெடிப்பைத்தான் பிடித்துக்கொள்ளும். அகலத்தில் அரிக்க முடியாததால் ஆழத்தில் அரிக்கும். அதனால்தான் இரண்டு பக்கமும் சுவர் வைத்த மாதிரி பாறை நிற்க, நடுவே ஓடை போகிறது. அருவி விழும் இடத்தில் கூழாங்கற்கள் சுழன்று சுழன்று உரல் மாதிரிக் குழி தோண்டும். அந்தக் குழி பெருத்தால் மடு. நாகலாபுரத்தில் நாம் நீந்துகிற 'பூல்' ஒவ்வொன்றும் கல்லே கல்லை அரைத்துச் செய்த உரல்தான்.

இதில் மலையேறுகிறவனுக்கு வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. கெட்டிப் பாறை தண்ணீர் குடிக்காது. ஏரிக்கரை மண்ணில் மழை பெய்தால் கொஞ்சம் உள்ளே இறங்கும். இங்கே பெய்த அத்தனையும் உடனே வழிந்து, எல்லா மடிப்புகளிலிருந்தும் அந்த ஒற்றை இடுக்குக்குள் வந்து சேரும். புனலுக்குள் ஊற்றின மாதிரிதான். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மூன்று கிலோமீட்டர் மேலே, உங்கள் கண்ணுக்குத் தெரியாத சரிவில் அரைமணி நேரம் கொட்டியிருந்தால் போதும்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு செருப்பு. முதல் தடவை நாகலாபுரம் போனபோது மதியம் மணல்திட்டு ஒன்றில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டென்ட் அடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று பேச்சு. மெத்து மெத்தென்று மணல், பக்கத்திலேயே தண்ணீர், மேலே ஒரு மரம். அண்ணாந்து பார்த்தால் மரக்கிளையின் கவட்டையில் ஒரு நீல ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ விளையாட்டுக்கு வீசியது என்று சிரித்தோம். அப்புறம்தான் செருப்பைச் சுற்றிப் பார்த்தேன். காய்ந்த மூங்கில் இலை, சுள்ளி, ஒரு சிப்ஸ் கவர், எல்லாம் கிளையோடு பின்னிக் கிடந்தன. எதிர்ப்பக்கப் புதரிலும் அதே உயரத்தில் அதே செத்தை. அடுத்த மரத்திலும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, எங்கள் தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில். போன வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது. நாங்கள் உட்கார்ந்திருந்தது ஆற்றுக்கு அடியில்.

இந்தச் செத்தைக் கோடுதான் மலையிடுக்கில் டென்ட் போடுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது. கோட்டுக்கு மேலே சமதரை இருந்தால் படுக்கலாம். இல்லையென்றால் அந்த இடுக்கில் படுக்க இடமே இல்லை என்று அர்த்தம், வெளியே வந்துவிட வேண்டும். பகலில் நடக்கும்போதும் சில அடையாளங்கள் உண்டு. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறுவது, இலையும் குச்சியும் திடீரென்று கூட்டமாக மிதந்து வருவது, அருவிச் சத்தத்தின் சுருதி கனப்பது. அப்போது வந்த வழியே கீழே ஓடக் கூடாது. தண்ணீர் உங்களைவிட வேகமாக ஓடும். பையைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் மேலே ஏற வேண்டும்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இதெல்லாம் நமக்குத் தெரியாத விஷயமே இல்லை. நகரி ஆறும் நந்தி ஆறும் இந்த மலைப் பக்கத்திலிருந்து இறங்கிக் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து பூண்டிக்கு வருகின்றன. பூண்டி நிரம்பினால் மதகைத் திறப்பார்கள். தண்ணீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி மணலி புதுநகரைச் சுற்றிக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடும். ஆரணி ஆறு பிச்சாட்டூர் அணையிலிருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகப் பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. 2015-லும் 2021-லும் மேலே திறந்த தண்ணீர் கீழே என்ன செய்தது என்று மணலி புதுநகர்க்காரர்களிடம் கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வார்கள். 'ஆந்திராவில் அணை திறந்துட்டாங்களாம்' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் மிக்ஸியையும் ரேஷன் கார்டையும் பரண்மேல் ஏற்றுகிற ஜனம் நாம். அதே வீட்டுப் பையன் அடுத்த மாதம் அதே தண்ணீரின் தலைமாட்டில் போய், ஆற்றுப்படுகையில் மெத்தை விரித்துத் தூங்குகிறான். மேலே வெயிலாக இருந்ததாம், அதனால்.

சரி, வெள்ளம் எப்போதாவது வருவது. மடு எப்போதும் இருக்கிறது. இந்த இடங்களில் உயிர் போவது பெரும்பாலும் மடுவில்தான். கடலோரப் பையன்களுக்கு நீச்சல் தெரியும் என்கிற தைரியம் வேறு. அந்தத் தைரியம்தான் இங்கே காலை வாரும். உப்புத்தண்ணீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு அடர்த்தி. கடலில் தானாக மிதந்து பழகிய உடம்பு மடுவில் கொஞ்சம் கூடுதலாக அமுங்கும். அருவிக்கு நேர் அடியில் இன்னும் மோசம். நுரையாகக் கொதிக்கிற தண்ணீரில் பாதி காற்று, அது ஆளைத் தாங்காது. விழுகிற தண்ணீர் கீழே அழுத்தி, திரும்பத் திரும்ப அருவிக்கடியிலேயே இழுத்துப் போடும். அப்புறம் குளிர். மேலே ஒரு முழம் வெதுவெதுப்பாக இருக்கும், அதற்குக் கீழே ஐஸ். நடந்து வேர்த்த உடம்போடு குதித்தவனுக்கு முதல் மூச்சே தாறுமாறாகி வாய்க்குள் தண்ணீர் போகும்.

ஆழமும் ஏமாற்றும். தெளிந்த தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால் தரை கால் பங்கு மேலே வந்த மாதிரி தெரியும். 12 அடி ஆழம் 9 அடியாகத் தோன்றும். அதனால் நீச்சல் தெரியாதவன் 'நிலைக்கும்' என்று நினைத்து இறங்குகிறான். தெரிந்தவனுக்கு வேறு ஆபத்து: பாறை மேலிருந்து தலைகீழாகப் பாய்கிறான், அடியில் போன மழைக்கு உருண்டு வந்த பாறாங்கல் இந்த வருடம் புதிதாக உட்கார்ந்திருக்கும். போன வருடம் குதித்த மடுவில் இந்த வருடம் குதிக்க முடியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இதற்கு மருந்து ஒன்றும் பெரிதில்லை. லைஃப் ஜாக்கெட் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கடலில் போகிற அண்ணன்கள் வைத்திருக்கிற மாதிரி காற்றடைத்த லாரி ட்யூப், நைலான் கயிறு, இறுக மூடிய காலி பிளாஸ்டிக் கேன். ஒருத்தன் முங்கினால் இன்னொருத்தன் குதிக்கக் கூடாது, கேனைத்தான் எறிய வேண்டும். நாலு நண்பர்கள் ஒரே மடுவில் போன செய்திகளில் பல, முதல் ஆளைக் காப்பாற்றப் போய் மற்றவர்கள் போனதுதான். சரக்கு அடித்துவிட்டு இறங்குவதைப் பற்றி நான் என்ன எழுதினாலும் கேட்கிறவன் கேட்கப் போவதில்லை.

காலில் அடிபட்டால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவனுக்குப் பாசிப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. ஏறும்போது ஒன்றரை மணி நேரம் நடந்த தூரம், அவனைத் தாங்கிக்கொண்டு இறங்க ஐந்து மணி நேரம் ஆனது. சிக்னல் கிடையாது, ஸ்ட்ரெச்சர் கிடையாது, வேறு வழியும் கிடையாது. இடுக்கில் சூரியன் மூன்றரை மணிக்கே மலைக்குப் பின்னால் போய்விடும், ஐந்துக்கெல்லாம் கண் மங்கும். பாதி நாள் கடந்தும் போக வேண்டிய இடம் வரவில்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த பழக்கம், இன்றுவரை மாற்றவில்லை.

இனி அனுமதி விஷயம். இதில்தான் நம்மவர்களுக்கு வாட்ஸ்அப் குழப்பம் அதிகம்.

நாகலாபுரம் மலையும் தடாப் பக்கத்து மலையும் இப்போது திருப்பதி மாவட்டத்தில் வருகின்றன. 2022 ஏப்ரலில் சித்தூரையும் நெல்லூரையும் பிரித்து உண்டாக்கிய மாவட்டம் அது. மலைக்காடு ரிசர்வ் ஃபாரஸ்ட். அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம், ராத்திரி தங்குவதும்தான். தடா பக்கம் செக்போஸ்ட்டில் சீட்டு வாங்கிக்கொண்டு போய், பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும். நாகலாபுரம் பாதை ஒரு காலம் திறந்திருக்கும், ஒரு காலம் மூடியிருக்கும். போகிற வாரத்தில் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வதுதான் ஒரே வழி. எங்களிடம் ஒருவர் 'பர்மிஷன் எல்லாம் பேசியாச்சு' என்று தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கூட்டிப் போனார். அடிவாரத்தில் ஃபாரஸ்ட் கார்டு வண்டியைப் பார்த்ததும் முதலில் காணாமல் போனவர் அவர்தான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? வெறும் சுற்றுலாக் கெடுபிடி இல்லை இது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில்தான் உலகத்திலேயே செம்மரம் இயற்கையாக வளர்கிறது. அதைக் கடத்துகிற வேலைக்குக் கூலியாகப் போனவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஏழைகள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஒரே விடியற்காலையில் 20 தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அதன் வழக்கும் வாதமும் தனிக் கதை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: தமிழ்நாட்டு நம்பர் பிளேட், முதுகில் பை, கையில் டார்ச், தமிழ்ப் பேச்சு, ராத்திரி நேரம், செம்மரக் காடு. மேலிருந்து பார்க்கிற காவல்காரருக்கு நீங்கள் ட்ரெக்கிங் வந்தவர் என்று நெற்றியில் எழுதியிருக்காது.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் கெடுபிடிக்குக் காரணம் வேறு. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தார்கள், கூட வருவதற்கு அந்தந்த ஊர் வழிகாட்டிகளோடு. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி: பூண்டிக்கு மேலே குடியம் குகைப் பாதை அந்தப் பட்டியலில் இருக்கிறது. 1863-இல் புவியியல்காரர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரிகள் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். மடு கிடையாது, டென்ட் கிடையாது. ஆனால் கற்கால மனிதன் ஒதுங்கின இடம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். அது படுகையில் இல்லை, மேட்டுப் பாறையின் நிழலில்.

டென்ட் போட்டே ஆக வேண்டும் என்றால் கண்டிக்கோட்டைதான் நேர்மையான பதில். பைக்கில் சுமார் 350 கிலோமீட்டர். ரயில் என்றால் மும்பை மார்க்கத்தில் முத்தனூரு ஸ்டேஷனில் இறங்கி 25 கிலோமீட்டர் சொச்சம். பென்னாறு, அதாவது நம் பழைய ஆட்கள் வடபெண்ணை என்று சொல்வது, கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, இங்கே எர்ரமலைத் தொடரைப் பிளந்துகொண்டு நெல்லூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. ஏறக்குறைய 300 அடி ஆழம். சிவந்த பாறை பலகை பலகையாக அடுக்கினது போல இருக்கும். மேலே விஜயநகரக் காலத்துப் பெம்மசானி நாயக்கர்களின் கோட்டை, மாதவராயர் கோயில், பெரிய மசூதி, ஒரு தானியக் களஞ்சியம். இங்கே ஊர்க்காரர்களே டென்ட் வாடகைக்குத் தந்து, சோறும் போடுகிறார்கள். ஆந்திர சுற்றுலாத் துறை விடுதியும் இருக்கிறது.

முக்கியமான வித்தியாசம், இங்கே படுப்பது இடுக்குக்கு உள்ளே இல்லை, விளிம்பின் மேலே. வெள்ளம் உங்களைத் தேடி வராது, காற்று வரும். அந்தப் பாறைத் தரையில் டென்ட் முளை இறங்காது. நாலு மூலைக்கும் கல்லைக் கட்ட வேண்டும். விளிம்பில் பல இடங்களில் கம்பித் தடுப்பு கிடையாது. விடியற்காலை போட்டோவுக்காகத் தூக்கக் கலக்கத்தில் பின்னால் நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

தீ மூட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. குரங்கணிக்குப் பிறகும் 'கேம்ப்ஃபயர் உண்டா' என்றுதான் முதல் கேள்வி வருகிறது. காட்டுக்குள் வேண்டாம். அனுமதித்த இடத்தில் மூட்டினாலும் ஓடைக்கல்லை அடுப்புக் கூட்டக் கூடாது. ஈரம் ஊறின கல் சூட்டில் பட்டென்று வெடித்துச் சில்லு முகத்துக்கு வரும். அப்புறம், யாரும் பேசக் கூச்சப்படுகிற விஷயம்: ஒதுங்குவது. ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளிப் போய், அரை அடிக் குழி தோண்டி, மூட வேண்டும். அதே ஓடையில் கீழே முகம் கழுவுகிறவர் இருக்கிறார். அதற்கும் கீழே ஒரு ஊர் இருக்கிறது, அதற்கும் கீழே பழவேற்காட்டில் வலை போடுகிறவர் இருக்கிறார்.

எப்போது போகலாம் என்பதும் தண்ணீர் சொல்வதுதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை. அப்போது இடுக்குக்குள் போவது பைத்தியக்காரத்தனம், புயல் சின்னம் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். தண்ணீர் இருக்கும், தெளிந்தும் இருக்கும். மார்ச்சுக்கு மேல் புல் காய்ந்து தீக்குச்சியாக நிற்கும், மடுக்களும் சுருங்கிப் பாசி பிடித்துவிடும்.

நாகலாபுரம் போகிற வழியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊத்துக்கோட்டைப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஆரணி ஆற்றை எட்டிப் பார்ப்போம். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் ஒருமுறை அங்கே சொன்னார்: "இங்க வெயில் அடிச்சா ஆச்சா தம்பி? தண்ணி கலர பாரு." மணல் நடுவே வாய்க்கால் மாதிரி தெளிந்து ஓடினால் மேலே போவோம். செம்மண் கரைசலாக அகலம் கட்டி ஓடினால், கொஞ்ச தூரம் தாண்டிச் சுருட்டப்பள்ளியில் படுத்திருக்கிற சிவனைக் கும்பிட்டுவிட்டு, பெரியபாளையத்தில் தோசை சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் தண்டையார்பேட்டை திரும்பிவிடுவோம். இதுவரை இரண்டு தடவை அப்படித் திரும்பியிருக்கிறோம். இரண்டாவது தடவை டென்ட்டை மொட்டை மாடியில் போட்டுப் படுத்தோம். கொசுதான் தாங்க முடியவில்லை.